மூஸ்ஹார்ட் குழந்தைகள் இல்லம்: காரைக்குடியிலிருந்து ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோ நகருக்கு மேற்கே ஃபாக்ஸ் ஆற்றங்கரையோரம், 1913 முதல் இன்றுவரை ஒரே இடத்தில் நடந்துவரும் மூஸ்ஹார்ட் என்னும் குழந்தைகள் இல்லத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. உணவகத்தையும் துணிக்கடையையும் மதிப்பிடுவது போல ஒரு குழந்தைகள் இல்லத்தை மதிப்பிடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். மதிப்பிடத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு வேளைச் சாப்பாடு சரியில்லை என்றால் அடுத்த வேளைக்கு வேறு கடையைத் தேடிக்கொள்ளலாம்; இல்லத்தில் விடப்பட்ட பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது. அதனால் பெரியவர்களாகிய நாம்தான் அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

காரைக்குடிக்கு அருகே எங்கள் வணிகர் சங்கம் நடத்தும் சிறிய இல்லமொன்றில் 18 ஆண்டுகளாகச் செயலாளராக இருந்து வருகிறேன். பழைய வீடொன்றின் இரண்டாங்கட்டும் (உள்முற்றத்தைச் சுற்றிய பின்பகுதி) அதற்குப் பின்னால் கட்டிய நான்கு அறைகளும்தான் எங்கள் இடம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலக் காலையில், லாரி ஓட்டப் போன இடத்தில் இறந்துவிட்ட ஒருவரின் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதற்காகக் கமிட்டி கூடியிருந்தது. பிள்ளைகளின் தாய் முகப்பில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் நேரத்தில், எங்கள் கமிட்டியில் மூத்தவரான ஆச்சி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ளைகளை வாங்கிக்கிறீக, சரி. ஆத்தாளை எங்க விடுவீக?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. அன்று பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டோம். தாய் பேருந்து ஏறித் தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அந்தக் கேள்வி மட்டும் எங்களுடனேயே தங்கிவிட்டது. மூஸ்ஹார்ட்டைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியதும், சென்ற ஆண்டு மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது முன்கூட்டியே எழுதிக் கேட்டு ஒரு பகல் முழுதும் அதைச் சுற்றிப் பார்த்ததும், நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கேள்விக்கு அங்கே ஒரு பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரியவந்ததனால்தான்.

மூஸ்ஹார்ட்டைத் தொடங்கி நடத்திவருவது ஒரு சகோதர சங்கம். அப்படியென்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இரத்த உறவில்லாத ஆண்கள் ஒருவரையொருவர் சகோதரர் என்று ஏற்று, சந்தா கட்டி, சடங்கும் இரகசியச் சொற்களும் வைத்துக்கொண்டு, ஒருவருக்கு நோயோ மரணமோ நேர்ந்தால் மற்றவர்கள் தாங்குவது என்னும் ஏற்பாடு அது. விற்றுமுதலில் ஒரு பங்கை மகமையாக எடுத்து வைத்துக் கோயிலையும் சத்திரத்தையும் பாடசாலையையும் நடத்திய ஊரில் பிறந்தவர்களுக்கு இது விளங்காத செய்தியாக இராது. காசியில் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் 1813 இல் ஏற்பட்டது என்றால், அதற்கும் 25 ஆண்டுகள் முன்னதாக, 1788 இல், இலண்டனில் ஃப்ரீமேசன்கள் என்னும் சகோதர சங்கத்தார் தங்கள் சகோதரர்களின் பெண் குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு முன்னின்றவர் பர்த்தலோமியு ருஸ்பினி என்ற பல் மருத்துவர். அமெரிக்காவில் 1819 இல் பால்டிமோர் நகரில் தாமஸ் வைல்டி தொடங்கிய ஆட் ஃபெலோஸ் சங்கத்தார், நோயுற்றவரைப் பார்ப்பது, துயருற்றவருக்கு உதவுவது, இறந்தவரை அடக்கம் செய்வது, அநாதைக்குக் கல்வி கொடுப்பது என்னும் நான்கையும் உறுப்பினரின் கட்டாயக் கடமையாக விதித்திருந்தார்கள். அரசாங்கக் காப்பீடும் விதவை உதவித்தொகையும் இல்லாத காலத்தில், சாதாரணத் தொழிலாளியின் குடும்பத்துக்கு இந்தச் சங்கங்களே காப்பு.

மூஸ் என்பது வட அமெரிக்கக் காடுகளில் திரியும் மிகப் பெரிய மானினம். அதன் பெயரைத் தாங்கிய லாயல் ஆர்டர் ஆஃப் மூஸ் சங்கத்தை 1888 இல் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் ஜான் ஹென்றி வில்சன் என்ற மருத்துவர் தொடங்கினார். தொடக்கத்தில் அது கூடிப் பேசிக் களிப்பதற்கான கழகமாகவே இருந்தது. அதனால் நிலைக்கவும் இல்லை. 1906 வாக்கில் இந்தியானா மாநிலத்தில் இரண்டு கிளைகளும் 246 உறுப்பினர்களும் மட்டுமே மிஞ்சியிருந்தார்கள். அந்த ஆண்டு 247 ஆவது ஆளாகச் சேர்ந்தவர் ஜேம்ஸ் ஜே. டேவிஸ். வேல்ஸ் நாட்டில் 1873 இல் பிறந்து, சிறுவனாகக் குடும்பத்தோடு அமெரிக்காவுக்கு வந்து, 11 வயதிலேயே இரும்பாலையில் உலைக்கு முன்னால் நின்றவர். உருகிய இரும்பைக் கம்பியால் கிளறிப் பதப்படுத்தும் அந்த வேலையில் சாவும் ஊனமும் அன்றாடச் செய்தி. ஆலைத் தொழிலாளி ஒருவன் இறந்தால் அவன் பிள்ளைகள் ஊருக்கு ஒருவராகச் சிதறிப்போவதைப் பார்த்து வளர்ந்தவர், அழிந்துகொண்டிருந்த கழகத்திடம், 'நம் சந்தாவுக்கு ஒரு வேலை கொடுப்போம். இறந்த சகோதரனின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அது பாதுகாப்பாகட்டும்' என்ற பொருளில் பேசினார். அந்த ஒரு வாக்குறுதியின் பலத்தில், ஆறு ஆண்டுகளுக்குள் உறுப்பினர் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தை நெருங்கியது. களியாட்டத்துக்குச் சேராத ஆட்கள் கடமைக்குச் சேர்ந்தார்கள் என்பது, சங்கம் நடத்தும் எவரும் இரண்டு முறை படிக்க வேண்டிய செய்தி.

1912 இன் இறுதியில் முடிவெடுத்து, 1913 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 1000 ஏக்கர் பண்ணை நிலத்தை வாங்கினார்கள். 1913 ஜூலை 27 அன்று இல்லம் திறக்கப்பட்டபோது, அந்நாட்டுத் துணைக் குடியரசுத் தலைவராயிருந்த தாமஸ் மார்ஷல் வந்து பேசினார். அன்றைக்கு அங்கே இருந்த குழந்தைகள் 11 பேர். இருந்த கட்டடம் ஒரு பழைய பண்ணை வீடும் சில எளிய கொட்டகைகளும். விழா நடந்தது ஒரு கூடாரத்துக்குள். இவ்வளவு சிறிய தொடக்கத்துக்கு அவ்வளவு பெரிய நிலத்தை முதலிலேயே வாங்கியது பெருமைக்காக என்று நான் நினைக்கவில்லை. வீடு கட்டுமுன் ஊருணியை வெட்டி வைத்த நம் முன்னோரின் கணக்கு போன்றது அது.

காலச் சூழல் அவர்களுக்கு எதிராகவே இருந்தது. 1909 இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் கூட்டிய மாநாடு, வறுமை என்ற ஒரே காரணத்துக்காகக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது, குழந்தை வளர வேண்டிய இடம் வீடே தவிர விடுதி இல்லை என்று தெளிவாக அறிவித்துவிட்டது. அதற்கு நான்கே ஆண்டுகளில் ஒரு புதிய இல்லத்தைத் தொடங்குவது என்றால், அந்தக் கண்டனத்துக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். மூஸ்ஹார்ட் வைத்திருந்த பதில், தாயையும் உள்ளே அழைத்துக்கொண்டது.

இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். ஏனென்றால் இதுதான் என்னைப் பொறுத்தவரை அந்த இல்லத்தின் வரலாற்றில் முதன்மையான செய்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநாதை இல்லங்களில் இருந்த குழந்தைகளுள் பெரும்பாலோர் தாய் தந்தை இருவரையும் இழந்தவர்கள் அல்லர். தந்தையை இழந்து, சம்பாதிக்க வழியில்லாத தாயை உடையவர்கள். நம்மூரிலும் அதே கதைதான். எங்கள் இல்லத்தில் இன்றைக்கு இருக்கும் 31 பிள்ளைகளில் 24 பேருக்குத் தாய் இருக்கிறாள். 'அநாதை' என்ற சொல்லை வாசற்பலகையிலிருந்து நாங்கள் நீக்கியதற்கும் அதுவே காரணம். தாய் உயிரோடிருக்கும் பிள்ளையை அப்படி அழைப்பது அந்தத் தாயைச் செத்தவளாக எழுதுவதாகும். மூஸ்ஹார்ட்டில் இறந்த உறுப்பினரின் மனைவியும் தன் பிள்ளைகளோடு வந்து அதே வளாகத்தில் தங்கலாம். இல்லத்துப் பணிகளிலும் குழந்தைகளைப் பராமரிப்பதிலும் பங்கேற்று, தன் பிள்ளைகள் வளர்வதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு வாழலாம். உடன்பிறந்தாரையும் ஒரே ஊரில், ஒரே வளாகத்தில் சேர்த்து வைத்தார்கள். மூத்தவன் தஞ்சாவூரில், இளையவள் மதுரையில், தாய் திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் என்று பிரிந்து கிடக்கும் குடும்பங்களுக்கு மாதாமாதம் கடிதம் எழுதும் எனக்கு, இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பது தெரியும்.

இதன் அடியில் இன்னொரு கருத்து இருக்கிறது. தந்தை உயிரோடு இருந்தபோது சந்தா கட்டினார். ஆகவே அவர் பிள்ளை அங்கே வருவது யாருடைய இரக்கத்தாலும் அன்று, தன் பாத்தியதையால், அதாவது உரிமையால். பாத்தியதை என்ற சொல்லைத் தெரிந்தேதான் பயன்படுத்துகிறேன். நம் பக்கத்தில் கோயில் மாலையும் விபூதிப் பிரசாதமும் புள்ளிக் கணக்கில், அதாவது கோயிலில் பதிவான குடும்பக் கணக்கில், வருகின்றன. புள்ளியாக இருப்பவருக்கு வந்து சேர வேண்டியதைக் கொடுப்பவர் தர்மம் செய்ததாக யாரும் சொல்வதில்லை, வாங்கியவர் தலைகுனிவதுமில்லை. ஒரு குழந்தை உண்ணும் சோறு அப்படிப்பட்ட சோறாக இருந்தால் அது நிமிர்ந்து வளரும். பிறந்தநாள் தோறும் நன்கொடையாளர் வந்து நின்று, பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, இலைக்கு முன்னால் புகைப்படம் எடுக்கும் வழக்கத்தை எங்கள் இல்லத்தில் நிறுத்த ஆறு ஆண்டுகள் ஆயின. அந்த ஆறு ஆண்டுகளில் நான் சொல்லத் தடுமாறியதை டேவிஸின் ஏற்பாடு ஒரே வரியில் சொல்லிவிடுகிறது.

கல்வியைப் பற்றிச் சொன்னால், பள்ளிப் படிப்போடு கைத்தொழிலையும் கட்டாயமாக்கியிருந்தார்கள். அச்சுவேலை, கான்கிரீட் வேலை, பண்ணை வேலை எல்லாம் வளாகத்துக்குள்ளேயே நடந்தன. சங்கத்தின் இதழ்கள் அங்கேயே அச்சாயின. 11 வயதில் ஆலைக்குப் போனவர் தொடங்கிய இல்லம், பிள்ளை வெளியே போகும் நாளில் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும் என்று நினைத்ததில் வியப்பில்லை. நம் முன்னோரும் பையன்களை வட்டிக்கடையில் வேலை பழகும் பெட்டியடிப் பையனாகப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் அனுப்பினார்கள். பேரேடு எழுதவும் வட்டி போடவும் ஆளை நிறுக்கவும் கடையிலேயே கற்றுக்கொண்டு, அடுத்தாளாகி, மேலாளாகி ஊர் திரும்பினார்கள். அந்த முறையின் வலிமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 13 வயதுப் பையன் கிட்டங்கியில் (கடையும் தங்குமிடமுமான கூடத்தில்) தாயைப் பார்க்காமல் ஒரு கணக்குத் தவணை முழுதும், மூன்று ஆண்டுகள், படுத்தெழுந்த துயரத்தை எந்தப் பேரேட்டிலும் எழுதி வைக்கவில்லை. தொழிலையும் கொடுத்துத் தாயையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியும் என்பதைக் காட்டிய வகையில் மூஸ்ஹார்ட்டுக்கு ஒரு படி கூடுதல் மதிப்பு கொடுப்பேன்.

குறைகளுக்கு வருகிறேன். பொருளாதாரப் பெருமந்தக் காலமான 1930 களில் அங்கே 1300 பிள்ளைகள் வரை இருந்தார்கள். அத்தனை பேரை வைப்பதற்குப் பெரிய பெரிய படுக்கைக் கூடங்களே வழியாயின. நோக்கம் எவ்வளவு நல்லதாயினும், கூடத்தில் நாற்பது கட்டில்களுள் ஒன்றில் படுத்துறங்கும் குழந்தைக்கு அது வீடாகாது. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர்தான் எண்ணிக்கையை ஏறத்தாழ 500 ஆகக் குறைத்துக்கொண்டு, குடும்ப அளவிலான வீடுகளை நோக்கிப் போனார்கள். இன்றைக்கு வீட்டுக்கு வீடு, குடும்ப ஆசிரியர் என்று அழைக்கப்படும் பெரியவர்களோடு சில குழந்தைகளாக வாழ்கிறார்கள். இதைப் பார்த்தபோது எனக்கு நம்முடைய 'வேறு வைத்தல்' நினைவுக்கு வந்தது. மகனுக்குத் திருமணமானால் அதே வளவைச் (வீட்டின் உள்முற்றத்தை) சுற்றியுள்ள அறைகளில் ஒன்றை அவன் குடும்பத்துக்கு ஒதுக்கி, அரிசி பருப்பு முதல் பாத்திரம் வரை தனியே கொடுத்து, தனி அடுப்பு மூட்ட வைப்பார்கள். ஒரே கூரை, ஒரே முற்றம், ஒரே வாசல்; ஆனால் உலை வேறு. நூறு பேர் கூடும் வீட்டில் ஒவ்வொரு குடும்பமும் தன் முகத்தை இழக்காமல் இருந்ததற்கு அந்த அடுப்பே காரணம் என்பது என் நெடுநாள் எண்ணம். மூஸ்ஹார்ட் இந்த முடிவுக்கு வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆயின.

1930 இல் அங்கே குழந்தை ஆய்வுக்கூடம் ஒன்று ஏற்பட்டது. நார்வேயில் பிறந்த உளவியலாளர் மார்ட்டின் ரேமெர்ட் அதை நடத்தினார். குழந்தையின் மனத்தைப் படித்து அதற்கேற்ப வளர்ப்பது நல்லதே. ஆனாலும் மறுக்கும் உரிமை இல்லாத பிள்ளைகள் நிறைந்த இடத்தில் ஆய்வு நடக்கும்போது, யாருக்காக நடக்கிறது என்ற கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். எங்களிடம் கல்லூரி மாணவர்கள் வினாத்தாளோடு வரும்போதும் இதையே சொல்கிறேன்.

பணக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. டேவிஸ் 1921 முதல் 1930 வரை மூன்று குடியரசுத் தலைவர்களின் கீழ் தொழிலாளர் துறை அமைச்சராகவும், பின்னர் பென்சில்வேனியாவின் செனட்டராகவும் உயர்ந்தவர். சங்கத்துக்குப் பணம் திரட்ட நடத்திய குலுக்கல் சீட்டுகள் தொடர்பாக 1932 இல் அவர்மேல் வழக்குப் பதிவாயிற்று. மறு ஆண்டு குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். விடுவிக்கப்பட்டார் என்பதே உண்மை. அதற்குமேல் அவர்மேல் ஏற்றிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆயினும் குழந்தைகளின் பெயரைச் சொல்லித் திரட்டும் பணத்தின் வழி, ஐந்தொகை (வரவு செலவு, சொத்து கடன் காட்டும் ஆண்டுக் கணக்கு) போல எவர் முன்னும் விரித்துக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அந்த நிகழ்ச்சி ஓர் எச்சரிக்கை.

எல்லாவற்றிலும் கனமான குறை வேறொன்று. மூஸ் சங்கத்தின் விதிகள் நெடுங்காலம் வெள்ளையரை மட்டுமே உறுப்பினராக ஏற்றன. உறுப்பினரின் பிள்ளைக்கே இல்லத்தில் இடம் என்பதால், தந்தைக்கு மூடப்பட்ட கதவு பிள்ளைக்கும் மூடியே இருந்தது. 1968 இல் பென்சில்வேனியா சட்டமன்ற உறுப்பினரான லெராய் இர்விஸ் என்ற கறுப்பினத்தவர், ஓர் உறுப்பினரின் விருந்தினராக ஹாரிஸ்பர்க் நகரக் கிளைக்குச் சென்றபோது, அவருக்கு உணவும் பானமும் தர மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1972 இல் ஆறு நீதிபதிகள் சங்கத்தின் பக்கமும் மூவர் இர்விஸின் பக்கமும் நின்றார்கள். அரசு வழங்கிய மது உரிமம் ஒன்றினால் மட்டும் தனியார் சங்கத்தின் பாகுபாடு அரசின் பாகுபாடு ஆகிவிடாது என்பது தீர்ப்பு. சட்டத்தில் வென்ற சங்கம், அடுத்த ஆண்டே, 1973 இல், அந்த விதியை நீக்கிவிட்டது. இர்விஸ் 1977 இல் அதே மாநிலச் சட்டமன்றத்தின் அவைத் தலைவரானார்.

நான் மேலே புகழ்ந்த பாத்தியதை என்னும் கருத்தும் இந்தக் குறையும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதை மறைக்க முடியாது. 'நம்மவன் பிள்ளை' என்று அணைத்துக்கொள்ளும் கைதான் 'நம்மவன் அல்லன்' என்று விலக்கவும் செய்கிறது. இதை அமெரிக்காவின் பழங்கதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. எங்கள் சங்கத்தின் அறக்கட்டளைப் பத்திரத்திலும் 'நமது சங்கத்தைச் சேர்ந்தோரின் சந்ததியார்' என்ற சொற்கள் இருந்தன. கடையின் சொந்தக்காரர் பிள்ளைக்கு இடம் உண்டு. அதே கடையில் 30 ஆண்டுகள் மூட்டை தூக்கியவரின் பிள்ளைக்கு இல்லை. அந்தச் சொற்களை மாற்றுவதற்காக நடந்த கூட்டங்களில் நல்ல மனிதர்களே, என் மதிப்புக்குரியவர்களே, 'முன்னோர் எழுதியதைத் தொடலாமா' என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார்கள். முன்னோர் எழுதிய காலத்தில் பசித்தவர் யார் என்பதும் இப்போது பசித்திருப்பவர் யார் என்பதும் வேறு வேறு என்று பதில் சொன்னோம். ஒருவழியாக 'நம் வட்டாரத்தில் ஆதரவு தேவைப்படும் எந்தக் குழந்தைக்கும்' என்று திருத்தினோம்.

மூஸ்ஹார்ட் அந்தத் திருத்தத்தை 1994 இல் செய்தது. சங்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத குடும்பத்தின் பிள்ளையையும் அது முதல் ஏற்கிறார்கள். அதற்குள் உலகமும் மாறியிருந்தது: 1935 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஆதரவற்ற குழந்தைகளுக்கு அரசு உதவியைக் கொண்டுவந்தது, மருத்துவம் வளர்ந்து இளவயதுத் தந்தையரின் மரணம் குறைந்தது, சகோதர சங்கங்கள் நடத்திய பல இல்லங்கள் பிள்ளைகள் இல்லாமலேயே மூடப்பட்டன. மூஸ்ஹார்ட் நிலைத்ததற்கு, கதவைத் திறந்ததும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். இப்போது வருகிற பிள்ளைகளுள் தந்தை இறந்தவர்களைவிட, வறுமையாலும் குடும்பக் குழப்பத்தாலும் வீட்டில் நிலைகொள்ள முடியாதவர்களே மிகுதி. செலவின் பெரும்பகுதியைச் சங்க உறுப்பினர்களின் பங்களிப்பே இன்றும் தாங்குகிறது. தொடங்கிய சங்கம் நூறாண்டுக்குப் பின்னும் அதே இல்லத்துக்குப் பணம் கட்டிவருகிறது என்பதை, நன்கொடையாளரின் மகன் காலத்தில் பணம் நின்றுபோன பாடசாலைகளைப் பார்த்த நம்மூர்க்காரர்கள் எளிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதியவர்களையும் அவர்கள் மறக்கவில்லை; 1922 இல் ஃப்ளோரிடாவின் ஆரஞ்சு பார்க்கில் மூத்த உறுப்பினர்களுக்காக மூஸ்ஹேவன் என்ற குடியிருப்பை ஏற்படுத்தினார்கள்.

நேரில் பார்த்ததைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறேன்; ஒரு பகலில் பார்த்ததை வைத்து ஒரு குழந்தையின் ஆயிரம் நாட்களைத் தீர்மானிக்க முடியாது. நான் பார்த்தவரை ஊர் என்று சொல்லத்தக்க அமைதியான இடம். புல்வெளிகளுக்கிடையே தள்ளித் தள்ளி வீடுகள், பள்ளிக்கூடம், ஓர் ஏரி, 1950 இல் கட்டி முடித்த வழிபாட்டுக் கோயில். உயர்ந்த மதிலும் பூட்டிய இரும்புக் கதவும் என் கண்ணில் படவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன். எனக்குச் சற்று உறுத்தியது அதன் தன்னிறைவுதான். பள்ளி, வீடு, விளையாட்டு, வழிபாடு எல்லாம் ஒரே எல்லைக்குள் முடிந்துவிடும்போது, 18 வயதில் வெளியேறும் பிள்ளைக்கு வெளியூர்ச் சந்தையில் பேரம் பேசவும், பேருந்தில் இடம் பிடிக்கவும், அடுத்த வீட்டாரோடு சண்டையிட்டுச் சமாதானமாகவும் எங்கே பழக்கம் கிடைக்கும்? எங்கள் பிள்ளைகளை ஊர்ப் பள்ளிக்கு நடந்தே அனுப்புவதும், திங்கட்கிழமைச் சந்தைக்குக் காய் வாங்க அழைத்துப் போவதும் இடவசதி இல்லாததால் ஏற்பட்ட பழக்கம். அதை இனி வேண்டுமென்றே தொடர்வது என்று அங்கிருந்து திரும்பும் வழியில் முடிவு செய்தேன்.

அந்த மாதிரியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. நம்முடைய 2015 ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், நிறுவனத்தில் வைப்பதைக் கடைசி வழியாகவே அனுமதிக்கிறது. குழந்தைகள் நலக் குழுவின் ஆணையில்லாமல் ஒரு பிள்ளையை நாமாக வாங்கி வைத்துக்கொள்ள இயலாது. வீட்டிலேயே வைத்து வளர்க்க, குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் வாத்சல்யா திட்டத்தின் கீழ் மாதம் 4000 ரூபாய் நிதி ஆதரவுக்கும் வழியிருக்கிறது. தாயிடம் வீடும் வேலையும் இருந்தால் அந்தத் தொகை போதிய துணையாகும். பிள்ளை இல்லத்துக்கு வரவே தேவையில்லை. வீடே இல்லாத தாய்க்கு என்ன செய்வது என்பதில்தான் மூஸ்ஹார்ட்டின் பழைய பாடம் நமக்குப் பயன்படுகிறது. ஆகவே என் மதிப்பீடு இது: தாயையும் உடன்பிறந்தாரையும் பிரிக்காத முதல் ஏற்பாட்டுக்காகவும், நூறாண்டு தளராத நிதிப் பொறுப்புக்காகவும் உயர்ந்த மதிப்பு; பெருங்கூடங்களில் பிள்ளைகளை அடுக்கிய காலத்துக்காகக் குறைவு; நிறத்தைப் பார்த்து மூடியிருந்த கதவுக்காக, அது திறந்த பின்னும் மறக்கக்கூடாத குறைவு.

சிகாகோ வட்டாரத்தில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நம்மவர்கள் அரோரா பாலாஜி கோயிலுக்குப் போகாமல் திரும்புவதில்லை. அங்கிருந்து மூஸ்ஹார்ட் சில மைல் தொலைவுதான். இல்லமோ அறக்கட்டளையோ நடத்துபவர்கள் ஒரு நாளை ஒதுக்கலாம். முன்னதாக எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். அது காட்சிக்கூடம் அன்று, குழந்தைகள் வாழும் வீடு. கைபேசியைப் பையிலேயே வைத்திருங்கள். கட்டடங்களைவிட, எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு வீடு, உடன்பிறந்தாரை எப்படி வைத்திருக்கிறார்கள், வெளியேறியபின் யார் தொடர்பில் இருக்கிறார்கள் என்பவற்றைக் கேளுங்கள்.

திரும்பி வந்தபின் இவற்றையெல்லாம் எழுதிக் கமிட்டியின் முன் வைத்தேன். இரண்டாங்கட்டின் கீழ்ப்புறத்தில் பூட்டிக் கிடக்கும் மூன்று அறைகளைப் பழுதுபார்த்து, தங்க இடமில்லாத தாய்மார் தம் பிள்ளைகளோடு ஓராண்டு, ஈராண்டு இருந்து, தையலோ சமையலோ கணக்கெழுதவோ கற்றுக்கொண்டு, பிறகு தனி வீடு பார்த்துப் போகும்படி செய்யலாம் என்பது யோசனை. ஓடு மாற்றவும், சுவரைப் பூசவும், கழிப்பறை கட்டவும் கொத்தனார் போட்டுக் கொடுத்த மதிப்பீட்டில், இருக்கும் சமையற்கட்டே எல்லோருக்கும் போதும் என்று எழுதியிருந்தது. ஆச்சி அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு, அறைக்கு ஓர் அடுப்பு என்று தம் கையால் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்.